மூலைக்கு மூலை

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் தளம்.
லிப்ட் இன்றைக்கும் ஓடவில்லை.
மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள்
விரலில் தொங்கும் தே ஓ ஐஸ் பொட்டலங்களோடு
லோஷினி வீட்டு ஹாலில்
நிலவறைக்குள் இறங்கினார்கள்.

மேசை போதாது; தரைதான் களம்.
ஓர் ஓடு ஐந்தடி.
சங்கிலியில் கட்டிய பூதத்துக்குத் தைல டப்பா மூடி.
தவனேஸின் குள்ளன் குண்டுமணிக்கு
நசுங்கிய சோடா மூடி.
நான் நடுவர்.
எல்லாப் பூதங்களும் நான்தான்.

குண்டுமணிக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளி.
கதவு, குறுக்காக நாலு ஓடு.
ஒரு முறைக்கு ஐந்து ஓடு போகிற கால்.
"போயிரலாம் மச்சான்" என்றான் பூன் கியட்,
எங்களோடு விளையாடியே படித்த தமிழில்.
நான் புத்தகத்தைப் புரட்டி வாசித்தேன்:
நேரோ குறுக்கோ, ஓர் ஓடு ஓர் ஓடுதான்.

தவனேஸ் மூடியைத் தொடவில்லை.
"அது பொய்."

பையிலிருந்து அளவு நாடா வந்தது.
"இந்தத் தரையப் போட்டவன் நான்.
தீபாவளிக்கு மூணு நாள் இருக்கையில
முட்டி தேய நூத்திப் பத்து ஓடு.
பக்கம் பன்னிரண்டு அங்குலம்.
மூலைக்கு மூலை..."
நாடா சரசரத்து நீண்டது.
"பதினேழு. நீயே பாரு."

பார்த்தோம்.
பதினேழுக்கு ஒரு மயிரிழை குறைவு.

"பூதம் இருக்கு, மந்திரம் இருக்கு,
செத்தவன் எழுந்து வர்றான்,
மூலைதான் உனக்கு உறுத்துதா?"
இரவு வேலைக்குச் சீருடை போட்டிருந்த லோஷினி கேட்டாள்.

"பூதம் பொய்யா இருக்கட்டும்.
தரை பொய்யா இருக்கக் கூடாது."

ஆறு நொடிச் சுற்று ஒன்று
முக்கால் மணி நேரம் நடந்தது.
அத்தனை நேரமும் பூதம்
ஓங்கிய ஈட்டியை இறக்காமல் நின்றது, பாவம்.
சன்னலுக்கு அப்பால் பாலத்து விளக்குகள் எரியத் தொடங்கின.
ஐஸ் கரைந்து தே வெளுத்தது.

பின்னிணைப்பில் ஒரு மாற்று விதி கிடைத்தது:
முதல் குறுக்கு ஒன்று, அடுத்தது இரண்டு,
திரும்ப ஒன்று, திரும்ப இரண்டு.
"இனி இந்த வீட்டில் இதுதான்" என்றேன்.
"பூதத்துக்குமா?"
"பூதத்துக்கும்."
"ஈட்டிக்கு?"
"ஈட்டிக்கும்தான்டா."
பாக்கிப் பணம் முழுசாக வந்ததுபோல
தவனேஸ் முகம் மலர்ந்தது.

பிறகு மூடியை நகர்த்தினான்.
ஒன்று.
மூன்று.
நான்கு.

விரல் மூடியிலேயே இருந்தது.
அடுத்த குறுக்குக்கு இரண்டு வேண்டும்.
கையில் ஒன்று.
இரு பக்கமும் குழி; அந்த ஒன்று எதற்கும் ஆகாது.

யாரும் பேசவில்லை. கீழ் வீட்டுக் குக்கர்
இரண்டு விசில் அடித்தது.
"இந்த ஒரு தடவை பழைய விதி..." லோஷினி இழுத்தாள்.
பூன் கியட் விரல் விட்டு எண்ணினான்:
"ஈட்டி ரெண்டு ஓடுதான் நீளும்.
குறுக்கே ரெண்டுன்னா கணக்கு மூணு. எட்டாது, இல்ல?"
பூதமான எனக்கே நெஞ்சில் ஓர் ஆசை.

தவனேஸ் குனிந்து
கன்னம் தரையில் பட
ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்,
ஓட்டின் மட்டம் பார்க்கிற மாதிரி.
"இல்ல. நேராத்தான் நிக்குது.
ரெண்டு ஓடு.
எட்டும். நீ உருட்டு."

பதினாலு வந்தால் போதும் எனக்கு.
இருபது முகப் பகடை
சோபாக் காலில் மோதிச் சுழன்று நின்றது.
பதினேழு.
யாரும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சோடா மூடியை அவனே எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.
குண்டுமணி போய்ச் சேராத அந்த ஓட்டின் ஓரத்தை
நகத்தால் சுரண்டினான்;
வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"லோஷினி, இங்க பூச்சு விட்டிருக்கு.
ஞாயித்துக்கிழமை வந்து அடச்சுத் தர்றேன்."